பூவரசு இல்லாத மலையில்

அந்தக் காம்பராவில், லயத்து வரிசை வீட்டின் ஒற்றை அறையில், இருந்தவர்கள் அத்தனை பேரும் பெண்கள். பெரிய கங்காணியின் சம்சாரம் அங்கம்மாள், என் அக்கா முத்தக்காள், பக்கத்துக் காம்பரா வீராயி, இவர்களோடு இன்னும் நாலு பேர். இல்லாதவர்கள் இரண்டு வகை. சிவனம்மாள் அன்று வீட்டுக்குத் தூரமாக இருந்ததால் அவளைச் சேர்க்கவில்லை. நாங்கள் ஆண்களாய்ப் பிறந்துவிட்டதால் எங்களைச் சேர்க்கவில்லை. கடல் தாண்டி அக்காவைப் பார்க்கப் போன நான், சாப்பிட்ட கை காயுமுன் லயத்தை விட்டு வெளியேற்றப்பட்டேன்.

எங்கள் ஊர் திருமங்கலத்துக்கு மேற்கே, கரிசல் காடு. எங்கள் வம்சத்தில் சிலேட்டைத் தொட்ட முதல் ஆள் நான். எனக்கு வேற்றூரில் வாத்தியார் வேலை கிடைத்ததும் அம்மா ஒரே பிடியாக நின்றாள். "நீயும் போயிட்டா எனக்கு யாரு இருக்கா? ஒங்க அக்காளையும் மச்சானையும் கூட்டியாந்து வீட்டுல விட்டுட்டு நீ எங்கிட்டு வேணும்னாலும் போ" என்றாள். அக்கா தேயிலை பறிக்க மலைக்குப் போய் ஆறு வருஷம் ஆகியிருந்தது. அவளை அழைத்து வருவதற்கென்றே புறப்பட்டேன்.

அப்போது ரயில் பண்டாரவளையோடு நின்றுவிடும். இறங்கியதும் நான் முதலில் கண்ட அதிசயம், பேசுகிறவர்கள் வாயிலிருந்தெல்லாம் புகை வந்தது. ஊரே சுருட்டு பிடிக்கிறது போலும் என்று நினைத்தேன். பிறகு என் வாயிலிருந்தும் வந்தது. எங்கள் ஊரில் தை மாதப் பனி, காலையில் வேட்டி நுனியை நனைத்துவிட்டு வெயில் ஏறியதும் ஓடிவிடும். இங்கே அது மத்தியானம் வரைக்கும் தெருவில் உட்கார்ந்திருந்தது.

ஸ்டேஷனுக்கு எதிரே ஒரு சாப்பாட்டுக் கடை. ஆப்பமும் தேங்காய்ச் சம்பலும் வைத்தார்கள். சம்பலில் மரச் சீவல் கிடந்தது. பொறுக்கி ஓரம் வைத்துக்கொண்டிருந்தேன்.

"என்ன தம்பி, கல்லா?" என்றார் எதிரே இருந்தவர். தொப்பியும் கம்பளிச் சால்வையுமாக இருந்தார். பதுளையில் துணிக்கடை வைத்திருக்கும் அசன் லெப்பை.

"மரச் சீவல் விழுந்திருக்குங்க."

"அது மாசி. மீன். மாலைத்தீவிலயிருந்து வருது. கோடாலி கொண்டுதான் உடைக்கிற. தின்னுங்க, ஒண்டும் செய்யாது."

தின்றேன். எங்கள் ஊர்க் கருவாடு வாயில் போட்டதும் தான் யாரென்று சொல்லிவிடும். இது வெகுநேரம் யோசித்துவிட்டுச் சொல்லியது.

லெப்பையும் நானும் ஒரே மாட்டு வண்டியில் பதுளைக்கு இறங்கினோம். வண்டிக்காரர் சிங்களவர். பாதி இறக்கத்தில், ஒரு சின்னப் பாலத்தின் மேல், கடையாணி கழன்று சக்கரம் வெளியே நடக்கத் தொடங்கியது. குதித்துவிட்டோம். எதிரே விறகு சுமந்து வந்த ஒருவர் நின்று வண்டிக்காரரோடு ஏதோ பேசினார். லெப்பையிடம் அர்த்தம் கேட்டேன்.

"போன கிழமையும் இதே இடத்துலதான் கழண்டதாம். கீழே இருக்கிறவளுக்கு வெத்திலை வைக்காம வந்தியான்னு கேக்கிறான் அவன்."

"கீழே யார் இருக்கா?"

"அதை நான் கேக்கல்ல. நீங்களும் கேக்க வேணாம்."

வண்டிக்காரர் பாலத்துச் சுவரில் ஒரு வெற்றிலையை வைத்தார். பிறகு ஒரு கட்டையைச் சீவி ஆணிக்குப் பதிலாகச் சொருகினார். எது வேலை செய்தது என்று தெரியாமலே பதுளை போய்ச் சேர்ந்தோம். அன்று லெப்பையின் கடைப் பின்கட்டில் சாக்குக்குள் நுழைந்து தூங்கினேன்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. தோட்டத்துக்கு நடந்தே ஏறினேன். கரிசலில் நின்றால் கண் போகிற மட்டும் போகலாம், வருகிற ஆளை ஒரு நாழிகை முன்னாலேயே தெரிந்துகொள்ளலாம். இந்த மலையில் ஒவ்வொரு வளைவும் அடுத்ததை மறைத்து வைத்திருக்கிறது. பெண்கள் பேசிச் சிரிப்பது காதருகே கேட்கும், திரும்பினால் செடியும் மூடுபனியும்தான் இருக்கும். பிறகு வெகு தூரத்தில், எதிர்மலையில், எறும்புச் சாரை போல அவர்கள் தெரிவார்கள். சத்தம் ஓரிடமும் ஆள் ஓரிடமுமாக வாழ்கிற ஊர்.

அக்கா என்னைக் கண்டதும் கூடையை இறக்காமலே அழுதாள். "எம்புட்டு வளந்துட்ட. அம்மா எப்படி இருக்கா? நீ வாத்தியாராமே, எங்க, கையக் காட்டு, பெரம்பு பிடிக்கிற கையா இது?" என்று ஒரே மூச்சில் கேட்டாள். சோறு போட்டாள். ஊருக்குக் கூட்டிப்போக வந்த விஷயத்தைச் சொன்னேன். மச்சானுக்குச் சந்தோஷம்தான். அக்கா மட்டும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அதெல்லாம் காலையில பேசிக்கலாம். இப்ப எந்திரி. இன்னைக்கி நோம்பு. இருட்டுறதுக்குள்ள மச்சான் கூட மேல் லயத்துக்குப் போயிரு."

ஔவை நோன்பு என்றதும் நான் மறுபேச்சுப் பேசவில்லை. எங்கள் பக்கத்தில் இது தெரியாத ஆண்பிள்ளை இல்லை. என்ன செய்வார்கள் என்பதுதான் யாருக்கும் தெரியாது. தை, மாசிச் செவ்வாயில் பெண்கள் கதவைச் சாத்திக்கொண்டு உப்பில்லாத கொழுக்கட்டை அவித்துப் படைத்து உண்பார்கள். தொட்டிலில் கிடக்கும் ஆண் குழந்தைகூட அந்த வீட்டில் இருக்கக் கூடாது. விடிவதற்குள் பண்டம் எதுவும் மிச்சம் இருக்கக் கூடாது. என்ன அவித்தார்கள், எதில் அவித்தார்கள் என்பது ஆண் காதில் விழுந்தால் நோன்பு வீண், அவர்கள் வீட்டு ஆண்களுக்கும் கேடு. சின்ன வயதில் அந்த நாட்களில் நானும் மற்றப் பையன்களும் மாட்டுக்கொட்டத்தில் படுத்திருக்கிறோம். கடல் தாண்டியும் அது என்னைத் துரத்தியதில் எனக்குச் சிரிப்புதான் வந்தது.

"கல்யாணமாகி இத்தனை வருசமா கேக்குறேன் மாப்பிள்ளை, அது இனிப்பா ஒறைப்பான்னு" என்றார் மச்சான், மேல் லயத்தில் கம்பளியை விரித்தபடி. "மூச்சு விடமாட்டேங்குறா. ஒங்க பள்ளிக்கூடத்துப் புஸ்தகத்துல போட்டிருக்கா?"

"இல்லை மச்சான்."

"பெறகு என்ன படிச்சீங்க?"

விடிகிற நேரத்தில் பெரட்டுக்குத் தப்பு அடித்தார்கள். பெரட்டு என்றால் வேலைக்கு முன் ஆட்களை நிறுத்திப் பேர் எடுக்கும் இடம். நோன்பிருந்த பெண்களில் ஒருத்தியும் வரவில்லை. கணக்கப்பிள்ளை வைதுகொண்டே கீழ் லயத்துக்குப் போனார். மச்சானும் நானும் கூடப் போனோம். கதவு திறந்து கிடந்தது. உள்ளே அடுப்பு ஜில்லென்று இருந்தது. அதன் முன்னால் வீராயி குந்தியிருந்தாள். விறகு இல்லை, நெருப்பு இல்லை. ஊதுகுழல் பிடித்தாற்போல் வெறும் கையை வாயில் வைத்து ஊதினாள். ஊதிவிட்டு, புகை கண்ணில் பட்டாற்போல் முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைக் கசக்கினாள். மறுபடி ஊதினாள். நாங்கள் கூப்பிட்டது அவள் காதில் ஏறவில்லை.

மற்றவர்கள் லயத்துக்குப் பின்னால் இருந்தார்கள். பனிக்குள் முதலில் தெரிந்தது கைகள்தான். அங்கே தேயிலை கிடையாது, வண்டிப் பாதை. பாதையின் நடுவே வரிசையாக நின்று, இடுப்பு உயரத்தில் இல்லாத செடியில் இல்லாத கொழுந்தைக் கிள்ளி, தோளுக்கு மேலே இல்லாத கூடைக்குள் போட்டுக்கொண்டிருந்தார்கள். இரண்டு கையும் எப்போதும்போல அவ்வளவு வேகமாக ஓடின. ஒருத்தி நடுவே குனிந்து காலிலிருந்து அட்டையை இழுத்து வீசினாள். அவள் காலில் அட்டை இல்லை. எல்லோரும் பேசிக்கொண்டிருந்தார்கள், ஒருவரோடொருவர் அல்ல. கேள்வி கேட்பார்கள், பதிலுக்குக் காத்திருப்பார்கள், பதில் வந்ததுபோல் சிரிப்பார்கள்.

அக்கா கொஞ்சம் தள்ளி நின்று கணக்கப்பிள்ளையோடு வாதாடிக்கொண்டிருந்தாள். "இருவது ராத்தல் இருக்குங்க ஐயா. பதினஞ்சு போட்டா எப்படிங்க?" என்றாள். கணக்கப்பிள்ளை அவள் பார்த்த திசையில் இல்லை, பக்கத்தில் இருந்தார். "முத்தக்கா, நான் இங்க நிக்கிறேன்" என்று தோளைத் தொட்டார். அவள் திரும்பி அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"கொஞ்சம் ஒதுங்குங்க அண்ணே. ஐயா நெறுக்கிறாருல்ல."

அவர் ஒதுங்கிவிட்டார். அதைச் சொல்லிப் பிற்பாடு யாரும் சிரிக்கவில்லை.

ஒவ்வொருவரையும் கைத்தாங்கலாக உள்ளே கொண்டுவந்தோம். உடம்பு அடுப்பில் போட்ட ஓடு மாதிரி கொதித்தது, ஒரு பொட்டு வேர்வை இல்லை. முகம் செக்கச் சிவந்திருந்தது. நாக்கு ஒட்டிக்கொண்டு, தண்ணீர் கொடுத்தால் விழுங்கத் தெரியாமல் வழியவிட்டார்கள். எல்லாவற்றையும் விடக் கண்கள். அக்காவின் கண் தேன் நிறம். அந்தத் தேன் நிறத்தைக் காணவில்லை. கருமணி விரிந்து விரிந்து விளிம்பைத் தொட்டு, வெள்ளையும் கறுப்பும் மட்டும் இருந்தன. அந்தக் கண்ணால் அவள் என்னைப் பார்த்தாள், ஆனால் என் முகத்துக்கு ஒரு சாண் பின்னால்.

அங்கம்மாள் பேச்சையும் நிறுத்திவிட்டு, கூரையைப் பார்த்துக் கிடந்தாள். பெரிய கங்காணி வந்து அவள் தலைமாட்டில் நின்றார். தோட்டத்தில் துரைக்கு அடுத்தபடி அவர் சொன்னதுதான். "இது பீலிக்கரையில நிக்கிறவ வேலை" என்றார். பீலி என்பது மலையூற்று நீர் விழும் குழாய், அங்கேதான் எல்லோரும் தண்ணீர் பிடிப்பது. "பூசாரிக்கு ஆள் அனுப்பியாச்சு. பொழுது சாய நூத்தியோரு கொடம் ஊத்தி, புளிய மிளாறு எடுத்தா எறங்கிரும்."

மத்தியானத்துக்கு முன் மட்டக்குதிரையில் டிஸ்பென்சர் வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், சுற்றியுள்ள தோட்டங்களுக்கெல்லாம் மருந்து அவர் கையால்தான். நாடியைப் பிடித்துப் பார்த்து, இமையைத் தூக்கிப் பார்த்து, என்னை வெளியே அழைத்தார்.

"நீர் படிச்ச பொடியன்தானே. கேளும். நெஞ்சு குதிரை ஓடுற மாதிரி ஓடுது. இந்தக் குளிருக்கை இவையின்ரை தலையிலை நூறு குடம் பீலித் தண்ணி ஊத்தினால், அந்த வயசான மனுசி எழும்பாது. உம்முடைய அக்காவும் எழும்புவா எண்டு நான் சொல்ல மாட்டன்."

"என்ன நோய் ஐயா?"

"நோய் இல்லை, நஞ்சு. ஊமத்தை திண்டவனுக்கு இப்பிடிக் கண் விரியும். ஆனால் இந்தத் தோட்டத்திலை ஒரு ஊமத்தைச் செடி நான் கண்டதில்லை. என்னத்தைத் திண்டவை?"

எனக்குத் தெரியாது என்றேன். எந்த ஆணுக்கும் தெரியாது என்பதையும், ஏன் என்பதையும் சொன்னேன். அவர் தலையில் அடித்துக்கொண்டார்.

அந்த லயத்துப் பெண்களில் புத்தி தெளிவாக இருந்த ஒரே ஆள் சிவனம்மாள். லயக் கோடியில் தனியே உட்கார்ந்திருந்தாள். நான் எட்ட நின்று கெஞ்சினேன். அவள் அழுதுகொண்டே தலையாட்டினாள்.

"நான் உள்ள இல்லைங்க தம்பி. இருந்திருந்தாலும் சொல்ல மாட்டேன். எனக்கு ரெண்டு ஆம்பளைப் புள்ளைங்க இருக்கு."

"அக்கா செத்துப் போவாங்க."

"அவளே தெளிஞ்சிருந்தா, செத்தாலும் சொல்லமாட்டா. ஒங்களுக்குத் தெரியாதா ஒங்க அக்காளை?"

தெரியும். பெரிய கங்காணியிடம் டிஸ்பென்சர் ஆன மட்டும் பேசினார். கங்காணி கெட்ட மனிதர் இல்லை. "என்ன தின்னாங்க, அதுக்கு மாத்து என்னன்னு சொல்லுங்க ஐயா. பூசாரிய இந்த நிமிசமே திருப்பி அனுப்பிர்றேன். ஒங்களுக்கும் தெரியலன்னா நான் எனக்குத் தெரிஞ்சதைத்தான் செய்யணும்" என்றார். கிடந்தவள் அவர் பெண்டாட்டி. பூசாரி வந்து, சேவலும் சாராயமும் வாங்கிக்கொண்டு, பீலிக்கரையில் குடங்களை அடுக்கத் தொடங்கிவிட்டார். அந்த மண்குடங்கள் ஒன்றோடொன்று உரசும் சத்தம் லயத்துக்குள் கேட்டுக்கொண்டே இருந்தது.

நான் போய் அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் மடியில் எதையோ வைத்து நூல் கோத்துக்கொண்டிருந்தாள். கையில் ஊசியும் இல்லை, நூலும் இல்லை. ஆனால் நூல் நுனியை உதட்டில் வைத்து ஈரப்படுத்தினாள். கொஞ்ச நேரம் கழித்து நிமிர்ந்தாள். முகம் மலர்ந்தது.

"செல்லி. வந்துட்டியாடி?"

செல்லி எங்கள் தங்கை. அக்கா மலைக்கு வந்த மறு வருஷம் பேதியில் போய்விட்டாள். ஒன்பது வயது. ஊரிலிருந்து வந்த ஆள் சொல்லித்தான் அக்காவுக்குச் சேதி தெரியும்.

"அக்கா, நான் தம்பி" என்றேன்.

அக்கா சட்டென்று என் வாயைப் பொத்தினாள். கண்ணை வாசல் பக்கம் உருட்டினாள். "சத்தம் போடாத. வெளியே யாரோ ஆம்பள பேசுறான்" என்றாள்.

அந்தக் கையின் சூடு இன்னும் என் உதட்டில் இருக்கிறது. என்னைத் தொட்டுக்கொண்டு, என்னையே பார்த்துக்கொண்டு, என் குரலைச் சுவருக்கு அப்பால் கேட்டாள். பீலிக்கரையில் குடம் வைக்கும் சத்தம். நான் குரலை ஒடுக்கி, மூச்சாக்கி, "சரிக்கா" என்றேன்.

"நேத்தே வந்திருக்கலாம்ல. ஒனக்குன்னு ஒரு பங்கு எடுத்து வச்சேன். அங்கம்மாக்கா, மிச்சம் வைக்கக் கூடாதுன்னு அதையும் என்னைத் திங்க வச்சிருச்சு." ஒரு கையைக் குவித்து என் வாயருகே கொண்டுவந்தாள். "இந்தா, இது இருக்கு."

வாயைத் திறந்து, ஒன்றுமில்லாததை வாங்கி, மென்று விழுங்கினேன். அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கசக்குதா?"

"கசக்குதுக்கா. எதுலக்கா அவிச்சீங்க?"

"அதான் எலை. இந்த மலையில பூவரசு ஏது? வருசா வருசம் வாழை எலையிலதான் வப்போம். இந்த வருசம் காத்துல வாழையெல்லாம் நாரு நாராப் போச்சு. நான்தான்டி தேடி அலைஞ்சு கொண்டாந்தேன். பங்களா வேலியோரம் ஒரு மரம் நிக்குதுல்ல, வெள்ளப் பூவெல்லாம் தலைகீழாத் தொங்குமே. அது எலை அகலமா, மெத்து மெத்துன்னு இருக்கும். எலைக்கி எலை ஒட்டிக்கிட்டதைக்கூட வழிச்சுத் தின்னோம். அவிச்ச தண்ணியையும் வெளிய ஊத்தக் கூடாதுல்ல. கருப்பட்டியப் போட்டு ஆளுக்கு ஒரு சிரட்டை குடிச்சோம். அங்கம்மாக்கா ரெண்டு."

எழுந்திருக்கப் போனேன். என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒன் கை ஏன்டி இப்படிக் குளிருது? அம்மா ஒன்னை எங்க பொதைச்சா? ஓடைக்கரையிலயா? அங்க ஈரமா இருக்குமேடி."

ஓடைக்கரையில்தான் புதைத்தோம். நானே மண் தள்ளினேன். தண்ணீர் ஊறி ஊறி வந்தது.

"இல்லக்கா" என்றேன் செல்லியின் குரலில். "காஞ்ச எடத்துலதான் இருக்கேன்."

அக்கா நிம்மதியாகக் கையை விட்டாள்.

அந்த மரத்தை அடைய ஓட்டமாக ஓடினேன். முழ நீளப் பூக்கள் பனியில் அசையாமல் தரையைப் பார்த்துத் தொங்கின. முந்திய துரைசாணி நுவரெலியாவிலிருந்து கொம்பு கொண்டுவந்து நட்டதாம். நம் ஊமத்தை முழங்காலளவுச் செடி, பூ வானத்தைப் பார்க்கும், காயில் முள் இருக்கும். இது மரம், காயே கிடையாது. கரிசல்காட்டு ஆளுக்கு இரண்டையும் ஒன்றாக நினைக்க ஒரு வழியும் இல்லை. இலையைக் கசக்கினால் ஒரு கெட்ட வாடை அடித்தது. கை நிறையப் பறித்துக்கொண்டு திரும்பினேன்.

டிஸ்பென்சர் பூவைப் பிய்த்துப் பார்த்தார். "பூவின்ரை கட்டு ஒரே சாதி போலக் கிடக்கு. ஆனால் கங்காணி நம்ப வேணுமே. நீர் பயப்பிட மாட்டீரோ?" என்றார். இலையைக் கசக்கிப் பிழிந்து, தண்ணீர் கலந்து, என் வலது கண்ணில் ஒரு சொட்டு விட்டார்.

முதலில் எரிச்சல். பிறகு ஒன்றுமில்லை. அப்புறம் வெளிச்சம் மெல்ல மெல்ல என் கண்ணுக்குள் கொட்டத் தொடங்கியது. மப்பான வானம்கூடக் கூசியது. என் உள்ளங்கையைப் பார்த்தேன், ரேகைகள் கலங்கிக் கரைந்தன. டிஸ்பென்சர் மருந்துப் புட்டியை நீட்டி அதிலிருந்த எழுத்தைப் படிக்கச் சொன்னார். எத்தனையோ வருஷம் விளக்கடியில் உட்கார்ந்து கற்ற எழுத்து, அந்தக் கண்ணுக்கு எறும்பு ஊர்ந்த தடமாய் இருந்தது. எதிர்மலையில் மட்டும் ஒவ்வொரு செடியும் தெளிவாகத் தெரிந்தது.

பெரிய கங்காணி என் தாடையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினார். இடது கண்ணைப் பார்த்தார், வலதைப் பார்த்தார். உள்ளே போய் அங்கம்மாளின் இமையைத் தூக்கிப் பார்த்துவிட்டு வந்தார். மறுபடி என்னைப் பார்த்தார்.

"அதே கண்ணு" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "நீ ஆம்பளை. இந்த எலைன்னு ஒனக்கு எப்படித் தெரிஞ்சது?"

மச்சானும் மற்ற ஆண்களும் சுற்றி நின்றார்கள். லயக் கோடியில் சிவனம்மாள் எழுந்து நிற்பது தெரிந்தது.

"அக்கா சொன்னாங்க" என்றேன்.

கங்காணி பீலிக்கரைக்குப் போய்ப் பூசாரியை அனுப்பிவிட்டு வந்தார். டிஸ்பென்சர் காம்பராவைச் சாக்கால் மறைத்து இருட்டாக்கச் சொன்னார். ஈரத் துணி, விளக்கெண்ணெய், கொஞ்சம் கொஞ்சமாகக் கடுங்காப்பி. கட்டிப் போடக் கூடாது, கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் இருந்தால் போதும். வியாழனன்று வீராயி தெளிந்தாள். தன் உள்ளங்கை ஏன் கரியாக இருக்கிறது என்று கேட்டாள். வெள்ளிக்கிழமை மற்றவர்கள். கடைசியாக, சனிக்கிழமை வெயில் ஏறிய பிறகு, அங்கம்மாள் தண்ணீர் கேட்டாள். யாருக்கும் எதுவும் நினைவில் இல்லை. கொழுக்கட்டை தின்றதோடு அவர்களுடைய செவ்வாய்க்கிழமை முடிந்திருந்தது.

என் வலது கண் மட்டும் அப்படியே இருந்தது. கண்ணாடியில் பார்த்தால் ஒரு கண் நான், மற்றது யாரோ. பெரட்டுக்குப் போகும் பெண்கள் அந்தப் பக்கமாக வராமல் சுற்றிப் போனார்கள். கண்ணுக்காக இருக்கலாம், காதுக்காகவும் இருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை அங்கம்மாள் கூப்பிட்டு அனுப்பினாள். கம்பளி போர்த்திச் சுவரில் சாய்ந்திருந்தாள். மற்ற ஆறு பேரும் சுற்றி இருந்தார்கள். என்னை வாசலுக்கு வெளியே நிற்க வைத்துக் கேட்டாள்.

"முத்தக்கா சொன்னப்ப ஒன்னை என்னன்னு கூப்பிட்டா?"

"செல்லின்னு."

"நீ என்ன கொரல்ல பேசினே?"

சொன்னேன். தின்றதையும் சொன்னேன். அவர்களுக்குள் வெகுநேரம் குசுகுசுவென்று பேச்சு நடந்தது. நடுவே அக்காவின் குரல் மட்டும் கேட்டது. அவளுக்கும் எல்லாம் மறந்திருந்தது, ஒன்றைத் தவிர.

"இவன் வந்தானோ என்னமோ. நான் பாத்தது அவளை. கஞ்சி கொட்டி வெந்த தழும்பு அவ மணிக்கட்டுல தட்டுப்பட்டுச்சு."

என் மணிக்கட்டைத் தடவிப் பார்த்தேன். என் கையில் தழும்பு எதுவும் கிடையாது.

அங்கம்மாள் முடிவு சொன்னாள். "ஆம்பள காதுல விழுகல. கன்னி காதுலதான் விழுந்திருக்கு. நோம்புக்குப் பங்கமில்ல. ஆனா அவ வந்து கலந்துக்கிட்டு, வெறுங்கையோட போயிருக்கா. அவளுக்குத் துணி எடுக்கணும்."

கன்னியாய்ப் போன பெண்ணுக்குச் சிற்றாடை வைத்துக் கும்பிடுவது எங்கள் பக்கத்து வழக்கம்தான். உசுரோடு இருந்தால் இப்போது அவளுக்குப் பதினாலு வயது. எத்தனை முழம் எடுப்பது என்று மச்சான் கேட்டார். அக்கா கையை நீட்டி, நான் அன்று உட்கார்ந்திருந்த உயரத்துக்கும் குறைவாக ஓர் இடத்தைக் காட்டினாள். பதுளைக்குப் போய் அந்த அளவுக்கு வாங்கி வந்தார். லயத்துக்கு மேலே ஒரு கல்யாண முருங்கை மரத்தடியில் கல் நட்டு, சிற்றாடையும் வளையலும் வைத்தார்கள். நானும் கும்பிட்டேன். வலது கண்ணுக்கு அந்தச் சின்னத் துணி கலங்கலாய், உள்ளே ஆள் இருப்பதுபோல் தெரிந்தது.

புறப்படும் நாளில் மறுபடியும் கேட்டேன். "அக்கா, அம்மா தனியா இருக்கா. வா."

"நீ போயிட்டு வா. அவளை இங்க விட்டுட்டு நான் எப்படி வர்றது? துணி குடுத்துட்டா வருசா வருசம் குடுக்கணும்ல."

"அவ ஊர்லதான இருக்கா. நான்தான புதைச்சேன். ஓடைக்கரையில."

அக்கா என்னைப் பார்த்தாள். அவள் கண்ணில் தேன் நிறம் திரும்பி வந்திருந்தது. பரிதாபப்படுகிறவள்போல் சிரித்தாள்.

"காஞ்ச எடத்துல இருக்கேன்னு என்கிட்டச் சொன்னாடா. ஓடைக்கரை எங்கயாச்சும் காயுமா? அவ அங்க இல்ல."

செல்லியாக நான் சொன்ன பொய்யை, தம்பியாக வந்து அழிக்க முடியவில்லை. மச்சான் என் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு பதுளை வரைக்கும் கூட வந்தார். வண்டி கிளம்பும்போதுதான், ஏழு வீட்டாரும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டிய செலவை விரல் விட்டுச் சொன்னார்: பூசாரிக்குக் கொடுத்தது, ஏழு பெண்களுக்கும் பெரட்டில் பேர் விழாமல் போன நாட்களின் கூலி, சிற்றாடை, வளையல், மஞ்சள். மொத்தம் பன்னிரண்டு ரூபாய் அறுபது சதம்.